பேருக்கு நடுவே ஒரு கோடு

"மீனாட்சின்னு ஒரு தரம் வாயால சொல்லு. அப்புறம் பஸ்ஸ எடு."

ஸ்பிரிங்வெளித் தோட்டப் பாதையின் நட்டநடுவில், இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள் கருப்பம்மா. சாரதி ஆசனத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தவன் அவள் பெற்ற ஒரே மகன் துஷாந்த். உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள், கூடையிலிருந்து தலையை நீட்டிய ஒரு சேவல், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அம்மா, வழிய விடுங்க. ஆளுங்களுக்கு நேரமாகுது."

"ஆளுங்களுக்கு நேரம் நாளைக்கும் ஆகும். எங்க கொலதெய்வம் மீனாட்சி. என் பேத்தியும் மீனாட்சி. சொல்றியா, இல்ல டயருக்கு அடியில படுக்கவா?"

துஷாந்த் சொன்னான். பாதியை ஹார்ன் சத்தத்தில் கரைத்துவிட்டுச் சொன்னான். கருப்பம்மா வெற்றிப் பெருமிதத்தோடு ஓரமாக நகர்ந்தாள். சேவல் கூவியது.

பஸ் பதுளையைத் தாண்டி, மலையைச் சுற்றிச் சுற்றி, பயணிகளின் காலைச் சாப்பாட்டை நெஞ்சுவரைக்கும் ஏற்றி இறக்கிப் பசறைக்குப் போய் நின்றது. அங்கே காத்திருந்தவள் அவனுடைய மாமியார் விஜயலெட்சுமி. அவள் வழிமறிக்கிற ரகமில்லை. மரியாதைக்காரி. மிதிபலகையில் ஏறி நின்று புன்னகை செய்தாள்.

"வாங்க மாப்ள. லக்ஷிகா நல்லா தூங்குறா."

"யாரு அத்தை லக்ஷிகா?"

"நல்லா கேட்டீங்க போங்க. பெத்த புள்ள பேரு அப்பனுக்கே தெரியலன்னா பசறையே சிரிக்காதா? சாத்திரி 'ல'னாவுலதான் வைக்கணும்னுட்டாரு. வேற எதுனா வச்சா புள்ளைக்குச் சளி புடிக்குமாம்."

பஸ் பாதையின் இரண்டு முனையிலும் இரண்டு தாய்மார். நடுவில் மலை. மலையில் துஷாந்த்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த சுதர்ஷினி, பசறைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் மகளோடு படுத்திருந்தாள். முப்பத்தொண்ணாம் நாள் சடங்கு கழித்து, பிள்ளையின் காதில் பேரைச் சொன்ன பிறகுதான் ஸ்பிரிங்வெளிக்குத் திரும்புவது என்பது வழக்கம். "பேரில்லாத புள்ளையத் தூக்கிட்டு நான் எப்படிங்க அங்க வர்றது?" என்று அவள் கண்ணைக் கசக்கியபோது துஷாந்தின் இதயம் இரண்டாம் கியரில் அகப்பட்டு உறுமியது. பெற்ற மகளை அவன் பார்ப்பதே பஸ் பசறையில் ஓய்வெடுக்கும் கொஞ்ச நேரத்தில்தான். அந்த நேரத்திலும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். எப்படியாவது மனைவியையும் மகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்காக எதையும் செய்வது என்று முடிவு கட்டிவிட்டான்.

இதில் பெரிய கொடுமை, பிள்ளைக்கு முதன்முதலில் பேர் தேர்ந்தெடுத்தவனே அவன்தான்.

பிள்ளை பிறந்த அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி இரண்டு குடும்பமும் நின்றபோது, நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தான்: "எம் மகளுக்குப் பேரு ஊவா-ராணி. நடுவுல ஒரு கோடு இருக்கணும். கோடு இல்லாட்டிப் பேரே இல்ல."

ஊவா-ராணி என்பது ஊவா மாகாணத்து மலைகளில் ஓடும் அவனுடைய பஸ்ஸின் பெயர். முன்கண்ணாடியை ஒரு இரும்புத் தண்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் 'ஊவா', மறுபக்கம் 'ராணி', இரண்டும் பிரிந்து போய்விடாமல் தண்டின் மேல் சிவப்புப் பெயின்ற்றில் ஒரு சின்னக் கோடு. அந்தப் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து, சாரதிக்கு மேலே தொங்கிய கண்ணாடியில் அவனையே பார்த்துப் பார்த்துத்தான் சுதர்ஷினி அவனுக்கு மனைவியானாள். "இந்தப் பஸ் இல்லாட்டி நீ ஏது, நான் ஏது, புள்ள ஏது?" என்று அவன் கேட்டான். கருப்பம்மா கூரையைப் பார்த்தாள். விஜயலெட்சுமி கருப்பம்மாவைப் பார்த்தாள். சுதர்ஷினி போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணித் துஷாந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த வாரமே சண்டை வெடித்துவிட்டது. எப்பேர்ப்பட்ட சண்டை! கருப்பம்மா ஸ்பிரிங்வெளியில் விட்ட பெருமூச்சில் பசறையில் கொடியில் காய்ந்த துணி பறந்தது என்பார்கள். இந்த நெருப்புக்குள் மூன்றாவதாக ஒரு பேரை இழுத்துக்கொண்டு போக துஷாந்துக்குத் தைரியம் வரவில்லை. ஊவா-ராணியை நெஞ்சுக்குள் பத்திரமாக நிறுத்தி, ஹாண்ட்பிறேக் போட்டுவிட்டு, சமாதான வேலையில் இறங்கினான்.

"ரெண்டு பேரையும் சேத்து வச்சிருவோம்" என்றான் தாயிடம். "மீனாட்சி-லக்ஷிகா. நடுவுல கோடு. கோடு என்னோடது, பேரு ஒங்களோடது."

"அட, நல்லாத்தான்டா இருக்கு" என்றாள் கருப்பம்மா.

பசறையில் விஜயலெட்சுமியும் தலையாட்டினாள். "நல்ல யோசனை மாப்ள. லக்ஷிகா-மீனாட்சி. பிரமாதம்."

"இல்ல அத்தை, மீனாட்சி முன்னுக்கு…"

புன்னகை மறைந்தது. "முன்னுக்கு இருக்கிறதத்தான் மாப்ள ஊரு கூப்பிடும். பின்னுக்கு இருக்கிறது பஸ்ஸுக்குப் பின்னால ஓடுற நாய் மாதிரி. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் நின்னுரும்."

அவன் மலைக்கவில்லை. அன்று மாலையே அடுத்த திட்டத்தைக் கொண்டுவந்தான். ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் போகும்போது மீனாட்சி-லக்ஷிகா. பசறையிலிருந்து திரும்பும்போது லக்ஷிகா-மீனாட்சி.

"அப்ப பஸ் ஓடாத நேரத்துல என் பேத்தி அனாதையா?" என்று கருப்பம்மா போட்ட கூச்சலில், மேட்டு லயன் வீடுகளில் இருந்தவர்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தண்ணி வந்துவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

துஷாந்த் பஸ்ஸிலேயே வாக்கெடுப்பு வைத்தான். வலப்பக்கத்துச் சீட்டுகள் மீனாட்சிக்கு, இடப்பக்கம் லக்ஷிகாவுக்கு. பதுளைச் சந்தைக்குப் போன ஒருவர், "எங்கம்மா பேரையும் ஒரு கோடு போட்டுச் சேத்துக்குங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்றார். உடனே ஆளாளுக்குத் தங்கள் தாய், அத்தை, செத்துப்போன சின்னம்மா என்று பேர்களைக் கொடுக்க, முன் விளக்கில் தொடங்கிய பேர் பின் விளக்கையும் தாண்டி நீண்டது. பதுளையில் இறங்க வேண்டியவர்கள் பசறையில் இறங்கினார்கள். பசறையில் இறங்க வேண்டியவர்கள் வாதம் முடியாததால் இறங்கவே இல்லை. கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமன். மிச்சம் இருந்தது கொண்டக்டர் ஹபீஸின் வாக்கு ஒன்றுதான்.

"நீ சொல்லு ஹபீஸ். மீனாட்சி முன்னுக்கா, லக்ஷிகா முன்னுக்கா?"

பதுளை டவுன்காரனான ஹபீஸ் பேசத் தொடங்கினால் பஸ் எஞ்சினே வெட்கப்பட்டு நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவன் இந்தச் சில வாரமாக வாயே திறப்பதில்லை. எந்நேரமும் முறுக்குத் தின்றுகொண்டே இருந்தான். இப்போதும் வாய் நிறைய முறுக்கு. தலையை மேலும் கீழும் ஆட்டி, பிறகு பக்கவாட்டிலும் ஆட்டி, கர்ர்க் முர்ர்க் என்று ஏதோ சொன்னான்.

"இவன் ஒருத்தன்! சரி, அதென்னடா பஸ்ஸுக்குள்ள பூண்டு வாடை? தெனம் அடிக்குது."

ஹபீஸ் முன்சீட்டுக்கு அடியில் துண்டு சுற்றி வைத்திருந்த டிபன் கெரியரைக் காலால் உள்ளே தள்ளினான். "பார்சல் அண்ணே."

"கருவாடும் மணக்குதே."

"கருவாட்டுப் பார்சல் அண்ணே." இன்னொரு முறுக்கு உள்ளே போனது.

வாக்கெடுப்புச் செய்தி பரவியதும் சண்டை முற்றிவிட்டது. "என் பேத்தி பேரை ரோட்டுல ஏலம் போட்டியா? முப்பத்தொண்ணுக்கு நான் வரல" என்றாள் கருப்பம்மா. "அவங்க வரலன்னா நான் பேரே சொல்லல" என்றாள் விஜயலெட்சுமி. "அப்ப நான் வீட்டுக்கே வரல" என்று சுதர்ஷினி போனை வைத்துவிட்டாள்.

துஷாந்த் பஸ்ஸை மாரியம்மன் கோயில் வளைவில் நிறுத்தினான்.

"என்னங்க, இங்க பஸ் ஹோல்ட் இல்லையே?" என்றாள் முன்சீட்டுப் பெண் ஒருத்தி.

"எனக்கு வேற வழியில்லக்கா."

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது. "ஒனக்கு ரொம்பப் பிரியமானது ஒண்ண விட்டுர்றேன்னு வேண்டிக்க தம்பி. எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் பலாப்பழத்த விட்டாரு. மூட்டுவலி ஓடியே போச்சு."

பஸ்ஸே இறங்கி வந்து பின்னால் நின்றது. துஷாந்த் கற்பூரம் கொளுத்தினான். முன்கண்ணாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சிவப்புக் கோடு வெயிலில் மின்னியது.

"தாயே, ஊவா-ராணிங்கிற பேரை இந்த ஜென்மத்துல எம் மகளுக்கு வைக்கமாட்டேன். ஒன்மேல சத்தியம். அந்த ரெண்டு பேரையும் சேத்து வச்சிரு."

உடனே சுதர்ஷினிக்குப் போன் எடுத்துச் சொன்னான்.

"நெசமாவாங்க? சாமி மேல சத்தியமாவா?"

"கற்பூரம் இன்னும் எரியுது புள்ள."

"இன்னொரு தரம் சத்தமா சொல்லுங்க. அம்மாவும் கேக்கட்டும்."

சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். பயணிகளும் அழுதார்கள்.

அம்மனுடைய சக்தியை என்னவென்று சொல்வது! மறுநாள் காலை பாதையின் நடுவில் கருப்பம்மா இல்லை. ஓரமாக நின்று மகனுக்குத் தேத்தண்ணி நீட்டினாள். "யோசிச்சுப் பாத்தேன்டா. புள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல? வலது காதுல நான் மீனாட்சின்னு சொல்றேன், எடது காதுல சம்மந்தி லக்ஷிகான்னு சொல்லட்டும். ஒரே நேரத்துல. முன்ன பின்னங்கிற பேச்சே இல்ல."

பசறையில் மாமியார் மிதிபலகையில் ஏறினாள். "யோசிச்சுப் பாத்தேன் மாப்ள. புள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல? வலது காதுல சம்மந்தி மீனாட்சின்னு சொல்லட்டும், எடது காதுல…"

துஷாந்துக்குக் கையிலிருந்த மயிரெல்லாம் எழுந்து நின்றது. இரண்டு வாய்க்கும் ஒரே நாக்கை வைத்துவிட்டாளே மாரியாத்தா!

பசறையில் முப்பத்தொண்ணு அமர்க்களமாக நடந்தது. இரண்டு பாட்டிமாரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மூச்சில் மூன்று முறை பேர் சொன்னார்கள். பிள்ளை வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் பார்த்தது, பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாக வீறிட்டது. கோட்டோடு பதிந்தாகிவிட்டது: மீனாட்சி-லக்ஷிகா. கூப்பிடுவது லக்ஷிகா என்றும் ஒரு சிணுங்கலும் இல்லாமல் முடிவாயிற்று. சாயங்காலப் பஸ்ஸில் சுதர்ஷினி மகளோடு பழைய முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சம்மந்திகள் இருவரும் பஸ் வாசலில் கைகோத்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

துஷாந்த் தலைப்பாகை கட்டாத ராஜாவைப் போலச் சாரதி ஆசனத்தில் அமர்ந்தான்.

"பாத்தியா ஹபீஸ்? ரெண்டு பொம்பளைங்க சண்டைய நிறுத்த ஒருத்தராலயும் முடியாதும்பாங்க. நான் நிறுத்தினேன். எப்படி? ஒண்ண விட்டுக்குடுத்தேன். தியாகம்டா, தியாகம்!"

சுதர்ஷினி மகளின் துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஹபீஸ் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். முறுக்கு இல்லை. மறு பையிலும் இல்லை. வாய் காலியாகிவிட்டது. பெருமூச்சு விட்டபடி முன்சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கெரியரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப இனிமே இதுக்கு வேலை இல்லையா அண்ணே? 'அவன் வாயால பஸ்ஸு பேரு வேணாம்னு சொல்ற வரைக்கும் சண்டைய விட்றாதீங்க சம்மந்தி'ன்னு மாத்தி மாத்திச் சொல்லி விட்டு, தெனம் ஒங்கம்மா அக்காவுக்கு இதுல பத்தியக் கொழம்பும், ஒங்க மாமியார் முறுக்குமா எவ்வளவு பாசமா அனுப்பினாங்க!"