நூறு வாட்ஸும் மயில் விரட்டிய ஆம்ப்ளிஃபயரும்

கும்பகோணத்தில் கோபமே வராத மனிதர் என்று யாராவது இருந்தால், அவர் கையில் ஒரு பழுதான ரேடியோவைக் கொடுத்து நூறு வாட்ஸின் கடைக்கு அனுப்புங்கள். ஐந்தே நிமிடத்தில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வெளியே வருவார். எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

பாத்திரக் கடைகளுக்குப் பின்னால், சைக்கிள் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் கடை. அவருடைய சொந்தப் பெயர் அந்தச் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. பழைய பொருள் எதற்கும் அவர் நேராகக் கரண்ட் கொடுக்கமாட்டார். நடுவில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பைத் தொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், பொருள் கருகாமல் பிழைத்துக்கொள்ளும். பட்டப்பெயர் அதனால் வந்தது என்பார் அவர். தொண்டையால் வந்தது என்பார்கள் தெருவில்.

நான் அவரிடம் போய் மாட்டிக்கொண்டது ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரால். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு அப்புறம் ஆபீஸ் குமாஸ்தாவாகிப் போனவன் நான். என் மகள் கயல் என்னைவிட நன்றாக வாசிப்பாள், பாடவும் செய்வாள். திருவிடைமருதூரில் நடக்கவிருந்த என் தங்கை மகன் ரிசப்ஷனில்தான் அவளுக்கு முதல் கச்சேரி. அவளுக்காக ஒரு பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைத் தேடி அலைந்தேன். அந்தக் காலத்துச் சரக்கின் கனத்த ஒலி இப்போது வருகிற பெட்டிகளில் இல்லை. கடைசியில் நன்னிலம் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் கிடைத்தது. அவருடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம்.

"இத்தனை வருஷம் இதை என்னங்க பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"மயில் விரட்டுனோம் சார். முருகன் வாகனத்தை அடிக்கவா முடியும்? மைக்கைச் சொருகி ஒரு சத்தம் போட்டா நாலு மா நிலம் தாண்டிப் போய் உக்காந்துக்கும்."

அதைக் கடைக்குத் தூக்கிப்போனதும், நூறு வாட்ஸ் பின்பக்கத்தைக் கழற்றிச் சாய்த்தார். பொலபொலவென்று நெல் கொட்டியது. கூடவே ஒரு எலிக்கூடு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பாதியைக் காணோம்.

"இது என்ன ஆம்ப்ளிஃபயரா, நெல்லுக் குதிரா? நடவுக்கு வெதை வேணும்னா விவசாய டிப்போவுக்குப் போங்க சார், என் உயிரை ஏன் வாங்குறீங்க?"

நான் பொறுத்துக்கொண்டு, "கண்டன்சர் எதையும் மாத்திடாதீங்கண்ணே, எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்" என்றேன்.

"வாயைத் தொறங்க."

"எதுக்கு?"

"உங்க ஒரிஜினல் பல்லு எத்தனை மிச்சமிருக்குன்னு பாக்குறேன். வீங்கிப்போன கண்டன்சரை வெச்சுக்கிட்டுக் கும்பிடவா போறீங்க?"

சந்தே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு ஆளிடம் போகலாமென்றால், எங்கே போனாலும் "அதுக்கு நூறு வாட்ஸ்தான் சார்" என்றே கைகாட்டினார்கள்.

நாலு மாதம் இழுத்தடித்தார். கூம்பு சென்னையிலிருந்து வரவேண்டுமாம். வந்தது. மூன்று தடவை ஒட்டி, மூன்று தடவை பிய்த்து எறிந்தார். டிரான்சிஸ்டர்களைச் சோதித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, தொடமாட்டேன்" என்றார். வேலை தெரிந்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஒலியைப் பற்றிக் கேட்டால் அவர் எர்த்தைப் பற்றிக் கேட்பார். "யாரு வாசிக்கப் போறா? பாப்பாவா? கையில இரும்புக் கம்பி, வாய்கிட்ட மைக். வீட்டுல எர்த் இருக்கா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை அழையாமலே வீட்டுக்கு வந்து, எங்கள் எர்த் குழியின் மேல் மருதாணிச் செடி வளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாதென்று தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி என் மனைவிக்கு உத்தரவு போட்டார். அவளும் "சரிங்கண்ணே" என்று தலையாட்டினாள். நான் ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி கேட்கிறவள்!

ரிசப்ஷன் நாளும் வந்தது. ஆம்ப்ளிஃபயர் தயார். ஆனால் தரமாட்டாராம்.

"மண்டபத்துக்கு நானே வரேன். எர்த் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"யோவ், பொருள் யாருது? உம்முதா, என்னுதா?"

"பொருள் உங்களுதுதான். எர்த் யாருது?"

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிப் பொறுப்பான்? பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சந்துமுனை வரை அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபம் வயலை ஒட்டி இருந்தது. அந்த ஆள் போட்டிருந்த தடித்த மூணு பின் பிளக் மேடைப் போர்டில் ஏறவில்லை. மண்டபத்து எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "பிளக்கை வெட்டிட்டு ஒயரைச் சொருகிடவா சார்?"

"வெட்டுப்பா. மொதல்ல அதை வெட்டு."

"பச்சை ஒயரு? எர்த்துங்களே."

"கறுப்போட சேர்த்து முறுக்கிவிடு. எர்த்தாம் எர்த்து!"

பிளக் அறுந்து விழுந்தபோது நூறு வாட்ஸின் மூக்கையே அறுத்ததுபோல் எனக்கு அப்படியொரு திருப்தி. அவன் ஒயர்களை ஓட்டைகளில் விட்டுத் தீக்குச்சிகளால் இறுக்கினான். நானே கிட்டாரை இணைத்து, மர ஸ்டாண்டில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. புடவை மாற்றப் போயிருந்த கயல் வெறுங்காலோடு மேடையேறிக் கிட்டாரை எடுக்கக் கையை நீட்டினாள்.

"பாப்பா, தொடாதே! தொட்டா செத்துப் போயிடுவே!"

கல்யாண மண்டபத்தில், மாலையும் கழுத்துமாக மணமக்கள் நிற்கும்போது, இப்படி ஒரு வாய்! மொய்க் கவரோடு நின்ற வரிசையைப் பிளந்துகொண்டு நூறு வாட்ஸ் வந்தார், கையில் மஞ்சள் பை. டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். "நல்ல நேரத்துல என்னண்ணே பேச்சு இது? யாரு இந்த ஆளு?" என்று என் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை; போர்டில் நீட்டிக்கொண்டிருந்த தீக்குச்சிகளையே பார்த்தார்.

"கடப்பாரை இருக்கா? சமையக்கட்டுலேர்ந்து உப்பு கொண்டாங்க. ஒரு வாளி தண்ணி."

எதற்கென்று தெரியாமலே ஆட்கள் ஓடினார்கள். குரல் அப்படி. மேடையின் பக்கவாசலுக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் கடப்பாரையை இறக்கி, உப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். "டெல்டா மண்ணு சார். இதைவிட எர்த் எவனுக்குக் கிடைக்கும்? அதைக் கேக்கத்தான் உங்களுக்கு வலிக்குது." பையிலிருந்து அந்தக் குண்டு பல்பை எடுத்தார். ஒரு ஒயரைக் கடப்பாரையில் கட்டினார். இன்னொன்றைக் கிட்டார் கம்பியில் வைத்தார்.

பல்பு முழுசாக எரிந்தது.

கறுப்பு ஒயர் போன ஓட்டையில்தான் கரண்ட் வந்திருக்கிறது; அதோடு முறுக்கிய பச்சை வழியாகப் பெட்டிக்கும் கிட்டார் கம்பிக்கும் ஏறிவிட்டது. அந்த வெளிச்சம் கயல் முகத்தில் விழுந்தது. அவ்வளவு கரண்டும் அவள் விரலில் ஏறி வெறுங்கால் வழியாகத் தரைக்குப் போயிருக்கும். நான் அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"யாருய்யா சொருகுனது?" என்றார்.

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தான்.

"நான்தான்ணே சொன்னேன்" என்றேன்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னைத் திட்டவில்லை. "போய்த் தண்ணி குடிங்க சார்" என்றார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தீக்குச்சிகளைப் பிடுங்கி எறிந்து, போர்டைக் கழற்றி, பச்சை ஒயரைக் கடப்பாரைக்கு இழுத்துக் கட்டி, எல்லாவற்றையும் பல்பை வைத்து இரண்டு முறை பார்த்த பிறகே கயலை விட்டார். அவள் பாடினாள். ஆம்ப்ளிஃபயர் கணீரென்று ஒலித்தது. கச்சேரி முழுக்க அவர் வாய்க்கால் ஓரத்தில் குந்தி, பாட்டுக்கு ஒரு குவளையாகக் கடப்பாரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வந்து, "பாப்பா பரவால்ல. மூணாவது கம்பி சுருதி எறங்கியிருந்துச்சு. அப்பன் கட்டுனதா?" என்றார். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அந்தக் கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. மூன்று நாளும் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சந்து வழியாகவே போனேன். யாருக்கும் விவரம் தெரியவில்லை. நாலாம் நாள் திறந்திருந்தது. திருவாரூரில் பேரனுக்குக் காதுகுத்தாம்.

"யோவ், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கத்தினேன்.

"என்ன ரிப்பேரு கொண்டாந்தீங்க?"

என் கையில் எதுவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.