நீலமாகவே நின்ற சோதனைக்குழாய்

அன்புள்ள தில்லையம்மாள் சித்திக்கு,

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தேவகி பயத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நான் மட்டும் இல்லை. எல்லோரும் தூங்கியபின் தறிக்குழிக்குள் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

வாலாஜாபாத் ரைஸ்மில்காரர் முனிரத்தினத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். அவர் அம்மா ரேணுகாம்பாள், மூத்த மருமகள் நீரிழிவில் படுத்துவிட்டதால், "பொண்ணு எப்படி இருந்தாலும் பரவாயில்லமா, மூத்திரம் மட்டும் சுத்தமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். சர்க்கரை கலந்த நீலக் கரைசலைக் கொதிக்கவைத்தால் செங்கல் சிவப்பாகும் என்று மேரி டீச்சர் நடத்தியது ஞாபகம் வந்து, சிவந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று ரேஷன் சர்க்கரையைக் கை நிறைய அள்ளி மூத்திரப் பாட்டிலில் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். லேப் அந்தோணி காய்ச்சினார், காய்ச்சினார், அது நீலமாகவே நின்றது. அப்பா, "சாயம் கெட்டிபா, துளிகூட மாறல!" என்று குதித்தார். அம்மா எல்லோர் வாயிலும் சர்க்கரை போட வந்து, டப்பாவைத் திறந்து பார்த்து, "யாருடி தின்னது?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். டீச்சரிடம் சும்மா சந்தேகம் போலக் கேட்டேன். வீட்டுச் சர்க்கரைக்கு நிறம் மாறாதாம், குளுக்கோஸுக்குத்தான் மாறுமாம், அது அடுத்த பாடமாம். அடுத்த பாடத்துக்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிடும் சித்தி. நீங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர், சொன்னால் அப்பா கேட்பார். உடனே வந்து என்னைப் படிக்கவிடச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு நமஸ்காரம், பாப்பாவுக்கு முத்தம். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தேவகி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ரேணுகாம்பாள் இன்று லேபுக்கே போய் என் பாட்டிலைப் பார்த்தாளாம். மூடியெல்லாம் எறும்பு. அந்தோணி, "மருந்துல ஒண்ணும் காட்டலமா" என்றதற்கு, "உன் மருந்து கிடக்குதுபா, எறும்புக்குத் தெரியாதா? பாரு, எப்படி மொய்ச்சிக்கினு இருக்குது!" என்று கத்திவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயங்காலம் அப்பா என் புத்தகப் பையைப் பரண்மேல் போட்டார். "நோய்க்காரப் பொண்ணு, வெயில்ல நடக்க வேணாம்மா, வூட்லயே இரு" என்று அழுகிறார். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை திரும்பி வருவார். சொல்லாவிட்டால் பை இறங்காது. அதனால் வர வேண்டாம் சித்தி. சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கிறது, கல்யாணம் கூடாது, பள்ளிக்கூடம் போகலாம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். பொய் எழுத மனம் வராவிட்டால், இங்கிலீஷில் எதையாவது எழுதி அனுப்புங்கள். இந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.