அணைக்காதே மாமாவும் அவிழாத சாக்கெட்டும்

தமிழ்நாட்டு மின்சாரத்தில் பாதி தீர்ந்தது அணைக்காதே மாமாவால்தான். எந்த சுவிட்சையும் நிறுத்த விடமாட்டார். "ஓடிண்டிருக்கறதை நிறுத்தினா, திரும்ப ஓடும்னு உமக்கு யார் சொன்னா?" என்பார். என் கடையில் காலி நாற்காலிக்கும் ஃபேன் சுற்றும்.

ஐந்தாவது தாண்டாத நான், பாண்டி பஜார் பக்கம் இன்டர்நெட் கடை வைத்தவன். தொண்ணூறுகளின் கடைசியிலேயே இரண்டு டெலிபோன் லைன்! ஒன்று மெயிலுக்கு, ஒன்று மற்றதுக்கு என்று பிரித்தது என் மூளை. செய்துகொடுத்தது, கம்பெனி வேலையை உதறிவிட்டு மயிலாப்பூரிலிருந்து தினமும் ஃப்ளாஸ்க்கோடு வந்து உட்காரும் மாமா. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேஸ்திரி. அதனிடம் சொல்லி, மெயில் வெளியேறும் வாசலான சாக்கெட்டை முதல் லைனோடு கட்டிப்போட்டார்.

ஒரு மழைநாளில் அந்த லைன் செத்தது. அன்று பார்த்து பெசன்ட் நகர் மீன்காரம்மா மகளோடு வந்திருந்தாள். பெண்ணுக்கு வெளிநாட்டில் படிக்க இடம். ஐந்து மணிக்குள் 'வருகிறேன்' என்று, மனுப் போட்ட கடை மெயிலிலிருந்தே பதில் போகாவிட்டால் இடம் போச்சு. தெருவிலோ முழங்கால் தண்ணீர். இரண்டாவது லைன் உயிரோடிருந்தும், மெயில் செத்த லைன் வாசலிலேயே நின்றது.

நான் சுவிட்சைக் காட்டிக் கத்தினேன். "கம்ப்யூட்டரை நிறுத்திட்டு மறுபடி போடுங்க மாமா!"

மாமா சுவிட்சை மறைத்து நின்றார். "டிஸ்க் முனகறது கேக்கலையா? இப்ப நிறுத்தினா எழுந்திருக்காது ஓய். ஓடறச்சேயே கட்டை அவிழ்க்கணும்."

"எப்படி?"

"லைன் பேர் கேக்கற இடத்துல பேரே கொடுக்காம விடணும். கட்டு அவிழ்ந்து, இருக்கற வழியில போயிடும். அன்னைக்கே கமாண்ட் எழுதி வெச்சேன். செஞ்சு பார்த்ததில்லை."

தட்டினார். என்டர் மேல் போன விரல் அதை அமுக்காமல் தடவியது. பெண் நகத்தைக் கடித்தாள். அத்தனை ஃபேனுக்கு நடுவிலும் எனக்கு வேர்த்தது.

"இன்னா சாமி, தடவிக் குடுத்துக்கினு கீற? அமுக்கு!" என்றாள் மீன்காரம்மா.

கண்ணை மூடி அமுக்கினார். ஒன்றுமில்லை. என் உயிர் பாதி போயிற்று. பிறகு, இரண்டாவது லைனின் மோடம் விளக்கு சிமிட்டியது. மெயில் போய்விட்டது!

பெண் ஓவென்று அழுதாள். சமாதானப்படுத்தப் போன என் கையைப் பிடித்தார் மாமா. "அழட்டும் ஓய், நிறுத்தாதேயும்."

மறுவாரம் மீன்காரம்மா வஞ்சிரம் கொண்டுவந்தாள். முட்டைகூடத் தொடாத மாமா, கும்பிட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார்.

மாமா மகனோடு வெளியூர் போய் வருஷங்கள் ஆயிற்று. அவர் நாற்காலி காலிதான். அதற்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. நிறுத்தினால், திரும்ப ஓடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?