அலமாரியில் ஒட்டிய பெனிசிலின்

மனித உடம்புக்குள் நடக்கும் மாபெரும் போரில் மருத்துவர்கள் தலையிடாமல் பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டும் என்ற உயரிய கொள்கையை உலகுக்கு வழங்கியது, 1976-இல், வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரிதான்.

ஆஸ்பத்திரி என்றால் ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அலமாரிச் சாவி கம்பவுண்டர் காளிச்சாமியின் அரைஞாணில் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிமிரும்.

களை வெட்டும்போது கத்தி பட்டு, சீழ் வைத்த கட்டைவிரலோடு வேலுத்தாய் வந்தாள்.

"கம்பவுண்டரய்யா, ஒரு ஊசி போட்டு விடுங்க. வெரல் மடங்க மாட்டேங்கு. கட்டவெரல் இல்லாம காய் எடுக்க முடியுமா? கூலிக் கணக்கு செக்ரோல்ல பேர வெட்டிருவாக."

காளிச்சாமிக்கு இரக்கம் சுரக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த வாரம் தோட்டங்களைச் சோதிக்க வரும் பெரிய டாக்டரின் 'விசிட்'. விசிட் நாளில் அலமாரி நிறைந்திருக்க வேண்டும் என்பது தோட்டத்தின் எழுதாத சட்டம். ஒரு குப்பி குறைந்தாலும் பல் விழுந்த வாய்போல் இளித்துவிடும். ஒரு விசிட் முடிந்தால் அடுத்த விசிட் வராமலா போகும்? ஆகவே பெனிசிலின் எப்போதும் 'தயார் நிலை'யிலேயே இருந்தது.

தோட்டத்து டாக்டர் நல்லமுத்து சீழில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். பரவசமானார்.

"காளிச்சாமி, இங்க வந்து பாரும்வே! வெள்ளையணு மேல கண்ணுக்குத் தெரியாத பிடிக இருக்கு. ரிசப்டர்னு பேரு. அதால கிருமிய மொதல்ல ஒட்டிப் பிடிக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் கைய நீட்டி வளைச்சு முழுங்கிரும்."

"எல்லாப் பிடியும் முழுங்குமாய்யா?"

"சிலது பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கும். இன்னொரு உத்தரவு வந்தாத்தான் முழுங்கும்."

காளிச்சாமிக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டத்து ஆபீசும் அப்படித்தானே நடந்தது!

"வெள்ளக்காரன் தோட்டத்த வித்துட்டுப் போயிட்டான்னாக. எம் வெரலுக்குள்ளயா குடியிருக்கான்?" என்றாள் வேலுத்தாய். "அவனுக்கு ஒத்தாசையா ஒரு ஊசி போடலாம்ல?"

"சிரிப்பா இருக்கோ? ஊசி போட்டா கிருமி செத்துரும். பெரிய டாக்டருக்கு அப்புறம் எதக் காட்டுறது?" என்றார் நல்லமுத்து.

இவ்வாறாக வேலுத்தாயின் விரல் விஞ்ஞானத்துக்கு நேர்ந்துவிடப்பட்டது.

பெரிய டாக்டர் ஜீப்பில் வந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, "ஆகா, என்ன பிடி!" என்றார். அலமாரிக் குப்பிகளை எண்ணி, 'பூர்ண திருப்தி' என்று எழுதினார். கோழிக் குழம்பை முழுங்கினார்; அதற்கு இன்னொரு உத்தரவு தேவைப்படவில்லை.

ஜீப் வளைவில் மறைந்ததும், இனி வேலுத்தாய்க்கு ஊசி போடலாமென்று காளிச்சாமி ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். குப்பியைத் துடைத்து, முதன்முறையாக அதன் சீட்டைப் படித்தார். மருந்து காலாவதியாகி இரண்டு ஓணம் தாண்டியிருந்தது. அடுத்த குப்பியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வேலுத்தாயை மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டைவிரல் இல்லாமல் திரும்பி வந்தாள். செக்ரோலில் பெயரும் இல்லை.

சாமான்களோடு பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். அடுத்த விசிட்டுக்காகக் காளிச்சாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிலது பிடிச்சுக்கிட்டு முழுங்காம நிக்கும்னு டாக்டரய்யா சொன்னாகள்ல? இந்த அலமாரி அந்த ரகம் இல்லய்யா."

"பின்ன?"

"மருந்தத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எம் வெரல முழுங்கிருச்சே."