பேனரில் என் தலையைச் சுருக்கிய முக்காலி

முக்காலி ஒரு மோசக்காரர். என் தங்கை மகளின் காதுகுத்து பேனரில், தாய்மாமனாகிய என் தலையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் போட்டு, மல்லசமுத்திரமே பார்த்துச் சிரிக்கும்படி செய்தவர் அவர்தான். இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் கேமரா பிடித்தவர்களில் அவரைவிடக் கெட்டிக்காரர் இல்லை, அவரைவிடத் தொல்லை பிடித்தவரும் இல்லை.

அஸ்தம்பட்டியில் என் டயர் கடையும் அவருடைய ஸ்டுடியோவும் ஒரே சுவர். சொந்தப் பெயர் பலகையில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. ட்ரைபாட் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது என்பதால் ஊருக்கே அவர் முக்காலி. டீக்கடைக்கு வந்தாலும் அது கூட வரும். சலூனில் முடிவெட்டிக்கொள்ளும்போது பக்கத்து நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒருமுறை, "இதுக்கும் டிக்கெட் எடுங்க, மூணு கால் வெச்சிருக்குது" என்றார். எடுத்தார் முக்காலி. பிறகு அதை சீட்டில் உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார்.

"பாஸ்போர்ட் போட்டோவுக்கு எதுக்குங்க ட்ரைபாடு?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, மூச்சு உடாம உங்களால இருக்க முடியுமா? என்னாலயும் முடியாதுங்க. இதுக்கு மூச்சே இல்லீங்க" என்றார். காற்றடிக்கும் இடத்தில் அதன் நடுவில் கனமான பையைத் தொங்கவிட வேண்டும், நடுத் தண்டைக் கடைசியில்தான் தூக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்போது டயரை மறந்துவிட்டுப் போனார்.

புதுக் கேமரா வாங்கப் போகிறேன் என்று யாராவது அவர் காதுபட சொன்னால் தீர்ந்தது. இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் வந்து, இத்தனை மெகாபிக்சல் என்று பெருமையாக ஆரம்பித்தான்.

"ஏந்தம்பி, லாரி வாங்குனா எஞ்சினப் பாப்பியா, பாடில வரைஞ்ச மயிலப் பாப்பியா?"

"எஞ்சினுங்க."

"அப்ப லென்ஸப் பாரு. பழைய பாடி வாங்கு, நல்ல லென்ஸ் வாங்கு. பாடி வருசா வருசம் மாறும், லென்ஸு உன்ற மவன் காலத்துக்கும் இருக்கும். முதல்ல உன்ற போன் லென்ஸத் தொடை. பரோட்டா எண்ணெய் ஒட்டிக்கிட்டு இருக்குது."

பையன் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்தான். அசந்து போனான். கேமரா வாங்குவதையே விட்டுவிட்டான். கேமரா கடைக்காரர்கள் முக்காலியைச் சபித்ததில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது முட்டை. அவர் பையில் எப்போதும் ஒரு வேகவைத்த நாமக்கல் முட்டை இருக்கும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் படத்தில் அந்த முட்டையை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மண்டபத்தில் மஞ்சள் பல்பு, நீல விளக்கு, பச்சை சீரியல் செட் எல்லாம் சேர்ந்து எரியும். பிறகு கம்ப்யூட்டரில் முட்டையை வெள்ளையாக்கினால் மற்ற நிறமெல்லாம் தானாக இடத்துக்கு வந்துவிடும் என்பார். "ஓடு வெள்ளையா இருக்கோணும், ஆனா அதுமேல நெழல் தெரியோணும். நெழல் தெரியலீன்னா வெளிச்சம் ஓவருங்க."

ஒரு தேவாலயத்தில், குழந்தைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புது நன்மை விழா. குழந்தைகளெல்லாம் வெள்ளைக் கவுன். அத்தனை வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்துவிடும், படத்தை இருட்டாக்கிப் பிள்ளைகளின் முகத்தைக் கரியாக்கிவிடும் என்று முக்காலிக்குக் கவலை. நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, இத ஒரு நிமிசம் புடிச்சுக்கங்க" என்று முட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். சாமியார் அது ஏதோ காணிக்கை என்று நினைத்து ஆசீர்வதித்தார். படமெல்லாம் முடிந்ததும் முக்காலி அதை உரித்து, மிளகுத்தூள் போட்டு, தேவாலய வாசலிலேயே சாப்பிட்டார். படங்கள் பிரமாதமாக வந்தன. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கல்யாண ஆல்பத்தில் பெண்ணை வெளுப்பாக்கித் தரமாட்டார். ஒரு மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார்.

"பொண்ணு கொஞ்சம் கலராத் தெரியட்டுமுங்க."

"அதுக்குச் சுண்ணாம்பு அடிக்கறவரக் கூப்புடுங்கம்மா. நான் போட்டோ எடுக்கறவன்."

"மத்த ஸ்டுடியோல எல்லாம் பண்றாங்களே?"

"அங்க பண்ணுனா, காலைல எந்திரிச்சு உங்க பையன் இந்தப் புள்ளைய யாருன்னு கேப்பானுங்க."

மணப்பெண் பின்னால் நின்று சிரித்துவிட்டாள். ஆர்டர் அவருக்கே கிடைத்தது. மொபைலில் பளபளப்பாகத் தெரிந்த படம் பேப்பரில் இருட்டாக வந்துவிட்டது என்று யாராவது வந்தால், அவர்கள் கையிலிருக்கும் போனின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, "இதுதானுங்க உங்க படம், முன்னாடி பாத்தது பல்பு" என்பார். பிரிண்டை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இழுத்துப்போய் வெயிலில் காட்டுவார். ஏற்காடு போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பேனர் அப்படியில்லை.

எங்கள் பக்கம் விசேஷ பேனரில் யார் தலை எவ்வளவு பெரிது என்பது சின்ன விவகாரம் இல்லை. அதைப் பார்த்துத்தான் உறவு எந்த நிலையில் இருக்கிறது என்று ஊர் தெரிந்துகொள்ளும். முக்காலியின் சட்டம் வேறு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அதைப் பெரிதாக்க மாட்டார். "கரும்பப் புழிஞ்சுட்டுச் சக்கையக் கொண்டாந்து வெல்லம் காச்சச் சொல்றீங்க. டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லீன்னா நேர்ல வந்து நில்லுங்க." ஃபைல் எவ்வளவு தாங்குமோ, தலை அவ்வளவுதான். இந்தச் சட்டத்தால் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிடச் சமையல்காரர் பெரிதாக வந்தார்.

எனக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கும் அப்போது பேச்சு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை புது வீடு கட்டிக் குடிபோனபோது அழைப்பிதழை நேரில் வந்து வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே இரண்டு கைகூப்பும் பொம்மை. மச்சானை அழைக்கிற முறையா இது? நான் போகவில்லை. இப்போதும் சொல்கிறேன், போகாதது சரிதான்.

பிறகு பெண் குழந்தை பிறந்து, காதுகுத்து வைத்தார்கள். தங்கை போன் செய்தாள். "அண்ணா, உன்ற மடில வெச்சுத்தான் குத்தோணும். நீ வரலீன்னா எருமப்பட்டி அண்ணன உக்கார வெச்சிருவாங்க." எருமப்பட்டி அண்ணன் என்பவன் என் பெரியப்பா மகன். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான்.

"என்ற போட்டோ பேனர்ல வரும். அது போதும்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பேனர் ஆர்டர் முக்காலியிடம். நானும் வாட்ஸ்அப்பில்தான் படம் அனுப்பினேன். டயர் கம்பெனி விருந்தில் எடுத்தது. தோளில் யாரோ ஒருவர் கை இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முக்காலி கத்தினார்.

"ஏனுங்க, பக்கத்துலதான இருக்கீங்க? எந்திரிச்சு வந்து நின்னா ஆவாதா?"

"கை கிரீஸா இருக்குது."

"மூஞ்சியத்தான எடுக்கப் போறேன்?"

"முடியாதுங்க. இருக்கறதப் போடுங்க."

"விசேசத்துக்காவது போறீங்களா?"

"அதுவும் இல்லீங்க."

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது.

விசேஷத்தன்று காலையில், தங்கை ஊரான மல்லசமுத்திரம் வழியாகப் போன தெரிந்த லாரி டிரைவர் போன் செய்தார். "அண்ணா, பேனர்ல உங்களத் தேடிக் கண்டுபுடிச்சுட்டனுங்க! டிசைன் பண்ணுனவரு செல் நம்பருக்குப் பக்கத்துல இருக்கீங்க. எருமப்பட்டிக்காரரு தலை மட்டும் டிராக்டர் டயராட்ட இருக்குதுங்க."

கடை ஷட்டரைக்கூட முழுதாக இறக்கவில்லை. போட்டிருந்த கிரீஸ் சட்டையோடு பைக்கை எடுத்தேன். பேனரைக் கிழிப்பது, முக்காலியின் ட்ரைபாடை உடைப்பது, இரண்டில் எது முதலில் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே போனேன்.

பந்தலில் எருமப்பட்டியான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தான். காது குத்தும் ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். குழந்தை அவன் மடியில் நிற்காமல் அழுதுகொண்டே வழுக்கி வழுக்கி ஓடியது. எதிரில் ட்ரைபாடுக்குப் பின்னால் முக்காலி. என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை.

"வந்துட்டீங்களா? வெயில் ஏறுதுங்க, வெளிச்சம் கெட்டுப்போவுது. சீக்கிரம் உக்காருங்க."

"யோவ், என்ற தலைய..."

"அத அப்பறம் பேசிக்கலாமுங்க. இதப் புடிங்க."

கையில் முட்டை. திட்டுவதற்குத் திறந்த வாயோடு நின்றேன். தங்கை ஓடிவந்து குழந்தையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். எருமப்பட்டியான் நல்லவன், நகர்ந்து இடம் விட்டான். குழந்தையோடு உட்கார்ந்தேன். குழந்தை முட்டையைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. "ஒண்ணுமில்ல சாமி, எறும்பு கடிச்சாப்புல" என்றேன். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. நானும்தான். மாப்பிள்ளை பின்னால் வந்து என் தோளில் கை வைத்து, "மச்சான், அன்னிக்கு நான் நேர்லயே வந்திருக்கோணுங்க" என்றார். "வந்திருக்கோணும்" என்றேன். அவ்வளவுதான் சமாதானம்.

அந்தப் படம் இன்று தங்கை வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. எதிரில் ஜன்னல் இருப்பதால் பளபளப்புப் பேப்பர் கண்ணைக் கூசும் என்று மேட் பேப்பரில் அடித்துக் கொடுத்தார். கிரீஸ் கறை, மூன்று நாள் தாடி, அழுத மூக்கு, முட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. முட்டையையாவது எடுக்கச் சொன்னோம். "கையில இருந்தத எப்பிடிங்க எடுக்கறது?" என்று சொல்லிவிட்டார்.

போன பொங்கலுக்கு எருமப்பட்டி போயிருந்தேன். பேச்சுவாக்கில், "நீ சேலம் வந்து போட்டோ எடுத்ததாலதான் உன்ற தலை பெருசா வந்துச்சு" என்றேன். "நான் எங்க வந்தேன்? வாட்ஸ்அப்லதான் அனுப்புனேன். கிட்டப் போயிப் பாத்தா என்ற மூஞ்சி கட்டம் கட்டமா இருந்துச்சே!" என்றான்.

இதைக் கேட்க அஸ்தம்பட்டி திரும்பினால், முக்காலி கடையைக் காலி செய்துகொண்டு நாமக்கல்லில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போனில் கேட்டால், "உங்க ஃபைல்ல சத்து இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

எனவே இங்கே கேட்கிறேன், முக்காலி. யாருக்காகவும் வளைக்காத சட்டத்தை அன்று எதற்காக வளைத்தீர்கள்? என் தலையைச் சுருக்கியது ஃபைலுக்காகவா, நான் எழுந்து வர வேண்டும் என்பதற்காகவா? ஊர் பார்க்க அவமானப்படுத்தினீர்கள், ஊர் பார்க்க இதே பத்திரிகையில் பதில் சொல்லுங்கள். ஆசிரியரிடம் பேசிவிட்டேன். பதிலோடு உங்கள் முகத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல படமாகப் பார்த்து அனுப்புங்கள்.

டாக்குமென்ட்டாக.