வேன் ஆன்டியின் நாலு செங்கல்

சனிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, என் மகள் யாழினியின் நெஞ்சில் ஒரு வாய் சப்பாத்தி நின்றுகொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், அதுவும் திரும்பி வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஆள் ஞாபகம்தான்: வேன் ஆன்டி.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைப் போல ஒரு விசித்திரப் பிறவி முன்பும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடி. பள்ளி வேன் ஓட்டிய காலத்தில் கோலாலம்பூர் வெயிலில் கம்பளிக் கையுறை போட்டிருப்பார். ஏர்கான் போடவே மாட்டார். பிள்ளைகள் அவித்த இடியப்பம் மாதிரி இறங்குவார்கள். யாராவது கேட்டால், "குளிர் வேணும்னா பிரிட்ஜுல போய் உட்காரு லா!"

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். கைக்குழந்தைக்கு ஊட்டுகிற அளவு சோறு, வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் பையிலிருந்து கஞ்சி பிளாஸ்க் வெளியே வரும். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சமையல் பிடிக்கலீங்களா?"

"சமையல் நல்லாத்தான் இருக்கு. என் குழாய்தான் சரியில்ல."

சாப்பிட்டால் குனியவும் மாட்டார். சாவி விழுந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும். மகாராணி என்று நாங்கள் கிசுகிசுப்போம்.

ஒரு பொங்கலுக்கு அவர் ஜெஞ்சாரோமில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டுச் சாவி என்னிடம். கீழே கார் பார்க்கில் கூட்டுப் பொங்கல்; பானை இருக்கிறது, அடுப்புக் கூட்டச் செங்கல் இல்லை. ஆன்டியின் கட்டிலில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில், காலுக்கு இரண்டாக நாலு செங்கல் இருந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்க, நான் மூன்றை உருவினேன். பொங்கல் அழகாகப் பொங்கியது.

மறுநாள் ஆன்டியும் பொங்கினார்.

"கமலா! என் தூக்கத்தை உருவியா அடுப்பு கட்டுன?"

"இல்ல ஆன்டி, கட்டில் சரிவா இருந்துச்சா..."

"சரிவாதான் இருக்கணும்! சமமா படுத்தா, தின்னதெல்லாம் தொண்டைக்கு வந்து நலம் விசாரிச்சிட்டுப் போகும்!"

ஏன் என்று நான் கேட்கவில்லை. கரி படிந்த செங்கலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

சப்பாத்தி நின்றதற்கு மூன்று மாதம் முன்னால், லிப்டில் யாழினியின் கையைப் பிடித்துப் பார்த்தார் ஆன்டி. கடைத்தொகுதியின் ஏர்கான் குளிரில் இருந்து வந்த விரல்கள், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன.

"எப்போலேருந்து இப்படி? சோறு இறங்குதாம்மா?"

"கொஞ்சம் சிக்கும் ஆன்டி."

"கமலா, டாக்டர்கிட்ட காட்டு."

"டயட்டு ஆன்டி. காலேஜ் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான்" என்றேன். நான் படித்தவள்.

சப்பாத்தியைக் குழாய் விட்டு எடுத்தார்கள். பல வாரப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொன்ன பெயர், சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ். தோலை இறுக்குகிற நோய், உள்ளே போய் உணவுக்குழாயையும் பிடித்துக்கொள்ளும். சோற்றைக் கீழே தள்ளும் தசை சோர்ந்துவிடும். இரைப்பையின் வாசல் சரியாக மூடாது; புளிப்பு நீர் மேலே ஏறும். குடலும் மந்தமாகலாம், வயிறு உப்பும், ஒருநாள் போகாது, ஒருநாள் நிற்காது. அடியோடு தீர்க்க மருந்தில்லை, அடக்கிவைக்க இருக்கிறது.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடணும். தண்ணீரோடு விழுங்கணும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. குளிரில் விரல் வெளுக்காமல் இருக்கக் கையுறை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தணும்.

அவர் வேன் ஆன்டியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்த ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பதற்றத்தில் நாலு தலையணையை அடுக்கினேன். யாழினி அதில் சாய்ந்து பார்த்தாள். வயிறு மடிந்து, நெஞ்சு மேலும் எரிந்தது.

"இனிமே நான் இப்படியேதானாம்மா?"

அப்போது மணி அடித்தது. வாசலில் வேன் ஆன்டி, கையுறையோடு. காலடியில், பாசாருக்குக் காய் வாங்க இழுத்துப்போகும் தள்ளுவண்டி. அதில் நாலு செங்கல், மூன்றில் என் பொங்கல் கரி.

"எடுத்து வை கமலா, என்னால குனிய முடியாது. அடுத்த பொங்கலுக்கு வேற அடுப்பு பாரு."

"உங்களுக்கு ஆன்டி?"

"நீ டெஸ்டுக்கு அலையறப்பவே தங்கச்சி மாப்பிள்ளை மரக்கட்டை அறுத்துக் கொடுத்திட்டாரு."

பிறகு யாழினியின் வெளுத்த விரல்களைத் தன் கம்பளிக் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இருபது வருஷம் என்னைத் தாங்குச்சு. உன்னையும் தாங்கும்டா."