ஒன்பது அங்குலச் சுவரும் இரண்டு என்ஜினீயர்களும்

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். என் சுகத்தை விசாரிக்காதே, விசாரித்தால் இந்தக் கடிதம் இன்னும் நீளும். உன் மகள் கட்டடப் பொறியியல் படிப்பதா, சிவில் படிப்பதா, வேலைக்குப் போனால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம், ஆளுக்கு ஒன்று படித்த இரண்டு பேரை வீட்டில் வைத்திருக்கிறீர்களே என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில், உன் அக்கா இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறாள், சுவர் காயாமல் திரும்பமாட்டாளாம் என்றும் போகிற போக்கில் போட்டிருந்தாய். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

எங்கள் படுக்கையறைப் பின்சுவர் ஐந்து மாதமாக ஈரம். முதலில் உள்ளங்கை அகலம் இருந்தது, இப்போது ஆளுயரம். அலமாரியில் உன் அக்காவின் கம்பளிச் சால்வையில் பூஞ்சை பூத்த அன்று, “காய்ஞ்சதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நாற்பத்தொரு நாளாயிற்று. நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். அதில் எது பெரிய கொடுமை என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. இந்த வீடு நான் கட்டியது. யாரிடமும் கைகட்டி நிற்காமல் கோட்டு தைக்கக் கற்றுக்கொண்டவன் நான். வீடும் அப்படியே, ஒருவரையும் கேட்காமல், என் தையல் கடையில் இருந்த அதே அளவு நாடாவை வைத்துக் கட்டினேன். அந்த நாடா இதுவரை யாருக்கும் இறுக்கமாகத் தைத்ததில்லை.

முதலில் பெரியவளைக் கூப்பிட்டேன். அவள் கட்டடப் பொறியியல். அதாவது கட்டடத்தை அவள் கட்டமாட்டாள். கட்டடத்துக்குள் இருக்கிறவர்களுக்குக் காற்று, வெளிச்சம், குளிர், சூடு, குழாயில் தண்ணீர், தீப்பிடித்தால் ஓட வழி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு, கட்டடம் வரைகிறவரோடு தொலைபேசியில் சண்டை போடுவாள். “யாரும் எதையும் கவனிக்கலைன்னா என் வேலை சரியா நடந்திருக்குன்னு அர்த்தம்ப்பா” என்பாள். கட்டி முடித்துப் பல வருடம் ஆனாலும் ஏழாம் மாடியில் ஒருவருக்குக் குளிர்கிறது என்றால் அவளுக்குத்தான் போன் வரும். வந்தவள் ஒரு சின்னக் கருவியைச் சுவரில் வைத்து அழுத்தினாள்.

“அப்பா, இந்தச் சுவருக்கு மூச்சு முட்டுது.”

“சுவருக்கு ஏதும்மா மூக்கு?”

“குளியலறை நீராவி வெளியே போக வழியில்லாம இங்கே வந்து படியுது. ஆனா ஈரம் கீழேயிருந்தும் வருது. உள்பூச்சு வரைக்கும்தான் நான். அந்தப் பக்கம் மண்ணு, மழைத்தண்ணி. அது தம்பி சமாச்சாரம்.”

சரி என்று சின்னவனைக் கூப்பிட்டேன். அவன் சிவில். சாலை, பாலம், வடிகால், மண். வெயிலில் நிற்பதற்குச் சம்பளம். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர், மூட்டையைக் கட்டு. அவன் கட்டியதை ஊரே பார்க்கும், அவனை மட்டும் யாரும் பார்க்க முடியாது. வந்தவன் வீட்டுக்குள் எட்டியும் பார்க்கவில்லை. சுவருக்கு வெளியே பின்கட்டில் மண்டியிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது போகிற திசையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“தண்ணி நேரா அடித்தளத்துக்குள்ள போகுதுப்பா. வெளிப்பூச்சு வரைக்கும் நான் சொல்லிட்டேன். உள்ளே அக்கா ராஜ்யம்.”

மைத்துனா, நாடாவை எடுத்துச் சுவரை அளந்தேன். உள்பூச்சுக்கும் வெளிப்பூச்சுக்கும் நடுவே ஒன்பது அங்குலம். ஈரம் முழுக்க அந்த ஒன்பது அங்குலத்தில்தான் இருக்கிறது, அதற்கு இந்த வீட்டில் படித்தவன் இல்லை! கோட்டுக்கு உள்துணி உண்டு, வெளித்துணி உண்டு. அதற்காக உள்ளே ஒரு தையல்காரன், வெளியே ஒரு தையல்காரன் என்று எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

“உன் பாலத்துக்கு அடியில யாராவது மெத்தை போட்டுத் தூங்குறாங்களாடா? உனக்கு என்ன தெரியும் படுக்கையறையைப் பத்தி?”

“உன் ஏசி ரூமுக்குள்ள என்னைக்காவது வெள்ளம் வந்திருக்கா? பேச வந்துட்டே!”

“சண்டை அப்புறம். சுவரை யார் பார்க்கிறது?” என்றேன்.

“சரிப்பா, இந்த வீட்டைக் கட்டின என்ஜினீயர் யாரு?” என்றாள் பெரியவள்.

“நான்தான்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: இரண்டும் வேண்டாம். ஒன்றில் உட்கார்ந்து முதுகு போகும், மற்றதில் நின்று கால் போகும், இரண்டிலும் வீட்டுச் சுவர் காயாது. பிள்ளையை வேறு ஏதாவது படிக்கச் சொல். அடுத்து, உன் அக்காவை உடனே அனுப்பி வை. சுவரில் பிழையில்லை, வீட்டில் பிழையில்லை, கட்டியவனிடமும் பிழையில்லை. வெயில் வந்தால் தானே காயும். இரவு அந்த ஈரச் சுவரைப் பார்த்தபடி தனியாகப் படுத்திருப்பவனைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல். நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே.

உன் குடும்பம் நோய்நொடியில்லாமல், ஈரமில்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பிடிவாதக்காரன் என்று நீங்கள் எல்லாம் சொல்லும் உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று உன் அக்கா போனில் சொன்னாளாம். பெரியவள் குளியலறை மேல்சுவரில் பூச்சைத் தட்டினாள். காற்றுப் போக்கி இருந்த ஓட்டை உள்ளே மூடிக் கிடந்தது. சின்னவன் பின்கட்டுத் தளத்தை உடைத்தான். மழைநீர்க் குழியின் வாய் அடியில் மூடிக் கிடந்தது. இரண்டையும் ஆறு மாதத்துக்கு முன் ஒரே வாரத்தில் அடைத்தது நான்தான். கையில் அரை மூட்டை சிமெண்டு மிஞ்சியிருந்தது. ஓட்டையைப் பார்த்தால் அடைக்காமல் இருக்க என் தொழில் என்னை விட்டதில்லை. “உள்பக்கமும் நீங்கதான்ப்பா, வெளிப்பக்கமும் நீங்கதான்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இப்போது பின்கட்டுக்குத் தளமும் இல்லை, குளியலறைக்குப் பூச்சும் இல்லை, சுவர் காய இரண்டு மாதம் ஆகுமாம். எனவே உன் அக்காவை அனுப்பாதே. நாளைக் காலை பஸ்ஸில் நான் அங்கே வருகிறேன். உன் மகள் இஷ்டப்பட்டதைப் படிக்கட்டும். பிழை என்னுடையது என்று அக்காவிடம் நீ சொல்ல வேண்டியதில்லை, அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிடாதே.